நெல்லு ஸ்டோரில் நாலு றோபோ, ஒரே ஒரு வாசல்

கிளிநொச்சியில் மாமாவின் நெல்லு ஸ்டோர், காலபோக நெல்லை விற்று முடித்தால் சிறுபோக அறுவடை வரைக்கும் வெறுமையாகத்தான் கிடக்கும். வைகாசியில் லீவில் வீட்டுக்கு வந்த எனக்கு அந்தச் சீமெந்து நிலத்தைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. பல றோபோக்கள் ஒரே இடத்தில் முட்டுப்படாமல் ஓட எப்படிப் பாதை போடுவது என்பதுதான் என் ஆய்வு. ஆறு வருடமாக அதைக் கணினித் திரையில் புள்ளிகளாக ஓட்டியிருக்கிறேன். திரையில் ஆயிரம் புள்ளிகளைக்கூட ஓட்டியாயிற்று; நிலத்தில் நாலைச் சேர்த்து ஓட்டியதில்லை. அக்காவின் மகன், என் பெறாமகன், உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறான். “வயர் வேலை முழுக்க நான் பாக்கிறன் சின்னம்மா” என்றான். சரி என்று தொடங்கிவிட்டோம்.

முதலில் நிலம். கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் 30 சென்ரிமீற்றர்ச் சதுரங்கள், எட்டுக்கு ஆறு, மொத்தம் 48 கட்டம். நடுவில் இரண்டு வரிசையைப் பழைய பலகைச் சட்டங்களால் அடைத்து, ஒரே ஒரு வாசல் விட்டோம். அகலம் ஒரு கட்டம், நீளம் இரண்டு கட்டம். இடப்பக்கம் இரண்டு றோபோ, வலப்பக்கம் இரண்டு. நாலும் பக்கம் மாறவேண்டும். வேண்டுமென்றேதான் இப்படி வைத்தேன். அகலமான இடத்தில் யாரும் யாரையும் விலத்திப் போய்விடலாம். இந்தத் துறையின் கஷ்டமெல்லாம் ஒடுக்கத்தில்தான் இருக்கிறது.

றோபோ ஒவ்வொன்றும் 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டப் பலகை. அதில் மூளையாக ஈஎஸ்பி 32 என்ற, வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை ஒன்று, கடைகளில் கிடைக்கும் மஞ்சள் பிளாஸ்ரிக் கியர் மோட்டர் இரண்டு, முன்னுக்கு ஒரு உருளை. சக்கரத்தின் விட்டம் 65 மில்லிமீற்றர், அதாவது ஒரு சுற்றுக்கு 204 மில்லிமீற்றர் ஓடும். அச்சில் 20 துளையுள்ள தட்டு இருப்பதால் ஒரு துளைக்கு ஏறத்தாழ 10 மில்லிமீற்றர். துளைகளை எண்ணிக்கொண்டே போனால் எவ்வளவு தூரம் ஓடியது என்று தெரியும். சாமான்கள் கொழும்பிலிருந்து பார்சலில் வந்தன. பற்றரி மட்டும் வாங்கவில்லை. பழுதான லப்டொப் பற்றரிகளைப் பிரித்து, உள்ளே இருக்கும் 18650 எனப்படும் உருளை லிதியம் செல்களை எடுத்தோம். 4.2 வோல்ற் வரை ஏற்றி, ஒரு வாரம் சும்மா வைத்து, திரும்ப அளந்து, 4 வோல்ற்றுக்குக் கீழே இறங்கியவற்றை ஒதுக்கினோம். இந்தச் சோதனை போதாது என்பது பிறகுதான் விளங்கியது.

முதல் பழுது ஓட்டத்தின் முதல் நிமிடத்திலேயே வந்தது. றோபோ அரை அடி ஓடும், நிற்கும், தான் எங்கே போகவேண்டும் என்பதையே மறந்துவிடும். இரண்டு பின்னேரம் என் நிரலையே துருவிக்கொண்டிருந்தேன். பிறகு யூஎஸ்பி வயரைச் செருகி அது என்ன சொல்கிறது என்று பார்த்தால், மின்னழுத்தம் போதாமல் தன்னைத்தானே திரும்பத் தொடங்குகிறது. காரணம் எளிது. நின்ற மோட்டர் கிளம்பும் அந்தக் கணத்தில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். நாங்கள் போட்டிருந்த எல் 298 மோட்டர்ப் பலகையிலேயே இருக்கும் 5 வோல்ற் சீராக்கியிலிருந்துதான் ஈஎஸ்பிக்கும் மின் கொடுத்திருந்தோம். இரண்டு மோட்டரும் ஒன்றாக இழுக்க, பற்றரியிலிருந்து வரும் மின்னழுத்தம் சரிய, ஈஎஸ்பி படுத்துவிடும். ஈஎஸ்பிக்குத் தனியாக, மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஒரு சின்ன பக் கன்வேட்டரும், அதன் வாயில் 470 மைக்ரோபரட் கொள்ளளவியும் போட்ட பிறகு அந்தத் தொல்லை போனது. மோட்டருக்கும் மூளைக்கும் ஒரே வயரில் மின் கொடுக்கவேண்டாம். இதைச் செய்யப்போகும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லவேண்டியது இதுதான்.

அடுத்தது கண். றோபோ ஒவ்வொன்றின் முதுகிலும் ஏப்ரல்டாக் எனப்படும் கறுப்பு வெள்ளைக் கட்டக் குறி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஓல்சன் உருவாக்கியது, 2011இல் வெளியானது. மேலே முகட்டு வளையில், நிலத்திலிருந்து மூன்று மீற்றர் உயரத்தில், ஒரு வெப்கமரா. அது குறிகளைப் பார்த்து எந்த றோபோ எங்கே, எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று லப்டொப்புக்குச் சொல்லும். 6 சென்ரிமீற்றரில் அச்சடித்த குறிகளை மூலைகளில் கமரா வாசிக்கவில்லை. 10 சென்ரிமீற்றர் ஆக்கினோம். மழை, தூசி படாமல் இருக்கட்டும் என்று பெறாமகன் லமினேற் செய்துகொண்டு வந்தான். பின்னேரம் மேற்கு யன்னலால் வெயில் விழ, லமினேற் தாள் கண்ணாடிபோல மின்னி, குறி முழுக்க வெள்ளையாகிவிட்டது. வெறும் தாள்தான் நல்லது. பழுதானால் இன்னொன்றை அச்சடிக்கலாம்.

இதைவிட நுணுக்கமான பிழை ஒன்று எனக்கு ஒரு நாளைத் தின்றது. நடுவில் நிற்கும் றோபோக்கள் சரியான கட்டத்தில் நின்றன. மூலைக்குப் போனவை மட்டும், தாங்கள் கட்டத்தின் நடுவில் நிற்பதாக நினைத்துக்கொண்டு 3.5 சென்ரிமீற்றர் உள்ளே தள்ளி நின்றன. அடிமட்டம் வைத்து ஒவ்வொரு கட்டமாக அளந்தேன். நடுவிலிருந்து தூரம் கூடக்கூடப் பிழையும் அதே விகிதத்தில் கூடியது. அப்போதுதான் பொறி தட்டியது: கமராவை நிலத்துக்குத்தான் அளவு பிடித்திருந்தேன். குறியோ நிலத்தில் இல்லை. றோபோவின் முதுகில், 8 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. மூன்று மீற்றர் உயரத்திலிருந்து சரிவாகப் பார்க்கும் கமராவுக்கு, நடுவிலிருந்து 1.3 மீற்றர் தள்ளியிருக்கும் குறி 3.5 சென்ரிமீற்றர் வெளியே இருப்பதாகத்தான் தோன்றும். சாதாரண இயல்பொத்த முக்கோணக் கணக்கு. பெறாமகன் நாலு பலகைத் துண்டுகளைச் சரியாக 8 சென்ரிமீற்றருக்கு அறுத்துத் தந்தான். அவற்றின் மேல் குறிகளை வைத்துத் திரும்ப அளவு பிடித்தேன். மூலைகள் நேராகின. நான் எழுதிய கட்டுரைகள் எல்லாவற்றிலும் “றோபோக்களின் இருப்பிடம் தெரியும் எனக் கொள்வோம்” என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் இவ்வளவு வேலை இருக்கிறது என்பதை இந்த ஸ்டோரில்தான் கண்டேன்.

இனிப் பாதை. ஒரே ஒரு றோபோ என்றால் ஏ ஸ்டார் போதும். 1968இல் ஹார்ட், நில்சன், ராஃபேல் மூவரும் வெளியிட்ட முறை அது. ஸ்ரான்ஃபோட் ஆய்வு நிறுவனத்தில் ஷேக்கி என்ற றோபோ அறைக்கு அறை வழி தேடிய காலத்தில் பிறந்தது. வந்த தூரத்தையும் இன்னும் போகவேண்டிய தூரத்தின் மதிப்பீட்டையும் கூட்டி, எது குறைவோ அந்தக் கட்டத்தை முதலில் விரித்துப் பார்க்கும். பல றோபோ என்றால் இதனுடன் நேரத்தையும் சேர்க்கவேண்டும்; ஒரு கட்டம் நகரும் நேரம் ஒரு படி. “இந்தக் கட்டம் காலியா” என்று கேட்டால் போதாது. “ஏழாவது படியில் இந்தக் கட்டம் காலியா” என்று கேட்கவேண்டும். முதல் றோபோவுக்குப் பாதை போட்டு, அது எந்த நேரத்தில் எந்தக் கட்டத்தில் நிற்கும் என்பதை ஒரு அட்டவணையில் பதிந்துவிட வேண்டும். அடுத்தது அந்தப் பதிவுகளைத் தொடாமல் தன் பாதையைத் தேடும். பஸ்ஸில் சீற் புக் பண்ணுவது மாதிரி. டேவிட் சில்வர் 2005இல் எழுதியது இந்த அட்டவணை முறைதான்.

முதல் நிரலைப் பெறாமகனே பைதனில் எழுதினான். ஒரே படியில் ஒரே கட்டத்தில் இரண்டு நிற்கக்கூடாது என்று சோதித்திருந்தான். திரையில் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் அழகாக இருந்தது. அதில் என்ன விடுபட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லவில்லை. நிலமே சொல்லட்டும் என்று விட்டேன். வாசலுக்குள் முதலாம் றோபோவும் மூன்றாம் றோபோவும் நேருக்கு நேர் வந்து மூக்கோடு மூக்கு முட்டி நின்று உறுமின. அவன் நிரலைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். ஆறாம் படியில் ஒன்று இங்கே, மூன்று அங்கே. ஏழாம் படியில் ஒன்று அங்கே, மூன்று இங்கே. எந்தப் படியிலும் ஒரே கட்டத்தில் இரண்டு இல்லை. “சின்னம்மா, ரெண்டும் இடம் மாறியிருக்குது. ஒண்டுக்குள்ளாலை ஒண்டு போகச் சொல்லி இருக்கிறன்!” என்று அவனே கண்டுபிடித்தபோது அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். கட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது, இரண்டு கட்டத்துக்கு இடையில் உள்ள கோட்டையும் பார்க்கவேண்டும் என்பது அவனுக்கு இனி மறக்காது. இங்கே இதை விளங்கப்படுத்த வேறு உதாரணமே தேவையில்லை. 2013இல் ரயில் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது, அடுத்த வருடம் யாழ்ப்பாணம் போனது. ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் ரயில் ஸ்ரேசனில் வந்து விலத்தும் வரைக்கும் நம்முடையது காத்து நிற்கவேண்டும். அந்தக் குறொசிங்தான் எங்கள் வாசலும்.

முன்னுரிமை வரிசையில் ஒவ்வொன்றாகப் பாதை போடுவது பழைய யோசனை; எர்ட்மனும் லொசானோ பெரேசும் 1987இலேயே எழுதிவிட்டார்கள். வேகமானது. ஆனால் சிலவேளை விடை இருந்தும் இல்லை என்று சொல்லிவிடும். எங்களுக்கு அதுவும் நடந்தது. முதலாம் றோபோவின் போய்ச்சேரும் இடத்தை வாசலின் மறுபக்க வாய்க் கட்டத்திலேயே வைத்திருந்தோம். அது முதலில் திட்டம் போட்டு, முதலில் போய், அங்கேயே குந்திவிட்டது. மற்ற மூன்றுக்கும் வழி இல்லை. வரிசையை மாற்றி அதைக் கடைசியாக விட்டால் வழி வருகிறது. நாலு றோபோவுக்கு 24 வரிசைகள்தான் உண்டு. எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து நல்லதை எடுக்கலாம். பத்து றோபோ என்றால் 36 இலட்சத்துக்கு மேல். அதனால்தான் 2012இல் ஷாரோனும் கூட்டாளிகளும் தந்த முறை எனக்குப் பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் தன்பாட்டில் பாதை போடு. எங்கே மோதுகிறதோ அந்த ஒரு மோதலை மட்டும் எடு. “நீ விடு” என்று ஒரு கிளை, “இல்லை, மற்றது விடட்டும்” என்று இன்னொரு கிளை. இப்படி மரமாக விரித்துப்போனால் எல்லா றோபோக்களின் படிகளையும் கூட்டினால் மிகக் குறைவாக வரும் விடை கட்டாயம் கிடைக்கும். எங்கள் நாலுக்கும் கண் இமைக்க முதல் விடை வந்தது. வாசலைத் திரையில் நீட்டிப் பார்த்தால் கிளைகள் பெருகித் தள்ளும். அது வேறு கதை.

இருந்தாலும், நிறுத்தி வைக்கும் இடங்கள் மற்றவர்களின் வழியில் இல்லாமல் பார்த்துக்கொண்டாலே பாதித் தலையிடி போய்விடும். கெட்டித்தனமான நிரலைத் தேடுவதற்கு முதல் நிலத்தின் அமைப்பைத் திருத்துங்கள் என்பேன். போய்ச்சேரும் இடங்களை மூலைகளுக்கு மாற்றினோம். எந்த வரிசையிலும் வழி வந்தது.

இப்போதுதான் உண்மையான பிரச்சினை. திட்டம் சரி, கமரா சரி. ஒவ்வொரு றோபோவுக்கும் “இந்த நேரத்தில் இந்தக் கட்டம்” என்று பட்டியல் அனுப்பி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பினோம். முதல் மூன்று ஓட்டம் நன்றாக நடந்தது. நாலாவது ஓட்டத்தில் இரண்டாம் றோபோவும் நாலாம் றோபோவும் வாசலுக்குள் முட்டின. திரும்ப ஓட்டினால் சரி. அதற்கடுத்தது பிழை. இப்படி மாறி மாறி வரும் பழுதுதான் ஆளைக் கொல்லும். கமராப் பதிவை எடுத்து, ஒவ்வொரு றோபோவும் ஒவ்வொரு கட்டத்துக்கு எப்போது வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதினேன். மற்ற மூன்றும் ஒரு கட்டம் கடக்க 1.4 செக்கன். இரண்டாவது, முதலில் 1.4, ஐந்தாம் கட்டத்தில் 1.6, பத்தாம் கட்டத்தில் 1.9. செல்லைக் கழற்றி அளந்தால் 4 வோல்ற்றுக்கு மேல். மோட்டர் இழுக்கும்போது அளந்தால் சட்டென்று விழுகிறது. சும்மா வைத்து அளந்த எங்கள் சோதனையில் அது தப்பியிருக்கிறது. போதாததற்குச் சோளகக் காற்று. கதவிடுக்கால் வரும் செம்மண் தூசி துளைத்தட்டில் படிந்து சில துளைகளை மூட, எண்ணிக்கையும் தவறியது.

செல்லை மாற்றலாம், தட்டுக்குப் பற்பசைப் பெட்டி அட்டையில் மூடி செய்யலாம். இரண்டையும் செய்தோம். ஆனால் நாளைக்கு இன்னொன்று பிந்தும். நிலத்தில் ஓடும் எதுவும் ஒருநாள் பிந்தத்தான் செய்யும். யாழ்தேவி ரயில் அரை மணித்தியாலம் பிந்தினால் எதிரே வருவது நேரசூசியைப் பார்த்துக்கொண்டு கிளம்பி வருவதில்லையே. காத்து நிற்கும். குறொசிங்கில் யார் முன், யார் பின் என்பதுதான் முக்கியம், மணி அல்ல.

எனவே திட்டத்திலிருந்து நேரத்தைக் கழற்றிவிட்டு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சின்னப் பட்டியல்: வாசலின் முதல் கட்டத்தில் முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று, பிறகு நாலு. தனக்கு முன்னால் உள்ளது அந்தக் கட்டத்தை விட்டு வெளியே போனது கமராவில் தெரிந்தால்தான் அடுத்ததற்கு “வா” என்ற செய்தி போகும். செய்தி வராவிட்டால் நிற்கவேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் பிந்தினாலும் வரிசை குலையாது. இதிலும் இரண்டு நுணுக்கம் உண்டு. கோட்டின் மேல் நிற்கும் குறியைக் கமரா ஒரு கணம் உள்ளே என்றும் அடுத்த கணம் வெளியே என்றும் சொல்லும். ஆகவே கோட்டைத் தாண்டி 5 சென்ரிமீற்றர் போனால்தான் “போய்விட்டது” என்று எடுத்தோம், எடுத்த பிறகு மாற்றுவதில்லை. மற்றது, ஒன்று விட்டுப்போகும் கட்டத்துக்குள் அதே படியில் இன்னொன்று நுழைவதைத் திட்டத்திலேயே தடுத்தோம். இடையில் ஒரு படியாவது கட்டம் வெறுமையாகக் கிடக்கவேண்டும். இல்லாவிட்டால் நாலும் வட்டமாக ஒன்றையொன்று பின்தொடரும் திட்டம் ஒன்று வந்து, எல்லாமே மற்றது போகட்டும் என்று காத்து நின்று, யாரும் அசையாமல் போய்விடும்.

அந்த இடைவெளி விதியை எழுதியபோது எனக்கு முகமாலை நினைவுக்கு வந்தது. ஏ9 வீதியால் பஸ்ஸில் போகும்போது, தடிகளும் நாடாவும் கட்டிப் பிரித்த ஒடுக்கமான பாதைகளில் கண்ணிவெடி அகற்றுபவர்கள் முழங்காலில் இருந்து வேலை செய்வார்கள். ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையில் நல்ல தூரம். ஒருவருக்கு ஏதும் நடந்தால் மற்றவருக்கு நடக்கக்கூடாது. ஒரு நிலத்தை எப்படிப் பலர் பிரித்து, எந்த ஒழுங்கில், எவ்வளவு தள்ளி நின்று முடிப்பது என்ற கேள்வியை நான் முதலில் பார்த்தது அங்கேதான். இந்தத் துறைக்கு நான் வந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

ஒருநாள் மாமா வந்து ஸ்டோர்க் கதவில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “உதுகள் ஒண்டையொண்டு பாக்கிறேல்லையோ பிள்ளை?” என்று கேட்டார். இல்லை மாமா, மேலே கமரா பார்க்கிறது, லப்டொப் சொல்கிறது என்றேன். “அப்ப கரண்ட் போனால்?” நியாயமான கேள்வி. முதலில் வீட்டு வைஃபையால்தான் செய்தி அனுப்பினோம். கரண்ட் போனால் றூட்டர் படுத்துவிடும். லப்டொப்பும் றோபோக்களும் பற்றரியில் உயிரோடு இருக்கும். ஒன்றுக்கொன்று பேச்சு மட்டும் அறுந்துவிடும். நேரப்பட்டியலோடு ஓடிய காலத்தில் அது ஆபத்து, கண்ணை மூடிக்கொண்டு ஓடும். இப்போது செய்தி இல்லாவிட்டால் நிற்கும். அதோடு றூட்டரையும் விலக்கி ஈஎஸ்பி நவ் முறைக்கு மாறினோம். லப்டொப்பில் செருகிய ஒரு ஈஎஸ்பி மற்ற நாலுடனும் நேரடியாகப் பேசும். நாங்கள் பாவித்த பதிப்பில் ஒரு செய்திக்கு 250 பைற்றுக்கு மேல் போகாது, எங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. கமரா இல்லாமலே ஓடவேண்டும் என்றால் நிலத்தில் குறிகளை ஒட்டி, றோபோவின் வயிற்றில் கமரா வைக்கவேண்டும். அமேசன் 2012இல் 775 மில்லியன் டொலருக்கு வாங்கிய கிவா நிறுவனத்தின் களஞ்சிய றோபோக்கள் அப்படித்தான் தாங்கள் நிற்கும் இடத்தை அறிந்தன.

ஆடிக் கடைசியில், ஸ்டோரைத் திருப்பிக் கொடுக்க முதல், ஒரு பின்னேரம் பத்து ஓட்டம் ஓட்டினோம். பத்திலும் ஒரு முட்டும் இல்லை. ஆறாவது ஓட்டத்தின் நடுவில் பெறாமகன் மூன்றாவது றோபோவைத் தூக்கிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான். வாசலுக்கு வெளியே நாலாவது அசையாமல் நின்றது. அவன் திரும்பி வந்து, தூக்கிய இடத்திலேயே மூன்றாவதை வைத்தான். அது சிலுப்பிக்கொண்டு வாசலுக்குள் போனது. அது முதலில் நுழைந்த கட்டத்தின் மறுபக்கக் கோட்டைத் தாண்டி 5 சென்ரிமீற்றர் போனதும் நாலாவது கிளம்பியது.

மிச்சம் இருப்பது ஒன்று. தூக்கிய றோபோ திரும்பி வராவிட்டால் வரிசையில் பின்னால் நிற்பவை விடியும்வரை நிற்கும். வெளியில் எங்காவது செத்தால், அந்தக் கட்டத்தைச் சுவராகக் கருதி மற்ற மூன்றுக்கும் புதுத் திட்டம் போடலாம். அந்தப் பகுதியைப் பெறாமகன் எழுதிக்கொண்டிருக்கிறான். வாசலுக்குள்ளேயே செத்தால் எந்தத் திட்டமும் உதவாது. ஒன்று மற்றதைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரவேண்டும். அதற்கு முன்பக்கத்தில் பூட்ட அலுமினியப் பட்டி ஒரு மீற்றர் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த மோட்டர் அந்தப் பாரத்தைத் தள்ளுமா என்று அடுத்த லீவில்தான் பார்க்கவேண்டும்.